முதலாவது 'வேண்டாம்'

டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்துக்கு வந்த புதிதில் நானும் இவரும் விருந்துக்குப் போய்ப் பசியோடு வீடு திரும்பியதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வருகின்றன. சாப்பாடு கிடைக்காத பசியென்றால் பரவாயில்லை. கண்ணுக்கு முன்னால் முழுக் கேக் இருக்க, எங்கள் வாயாலேயே வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்த பசி அது.

இவர் என்று நான் எழுதுவது என்னுடைய மனுசனை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. எழுதவும் கை வரமாட்டேன் என்கிறது. அவர் எனக்கு முன்பே டென்மார்க்குக்கு வந்து, துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். கலியாணம் கட்டி, விசா கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்து சேர்ந்ததும் இரண்டு பேருமாக நாலாம் மாடியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். லிஃப்ட் இல்லை. குளியலறையில் ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே நிற்கவேண்டும். ஆனால் குசினி யன்னலால் பார்த்தால் இரண்டு கூரைகளுக்கு நடுவே ஒரு துண்டுக் கடல் தெரியும். அந்தத் துண்டுக்காகவே நான் அந்த வீட்டில் ஆசை வைத்துவிட்டேன்.

எதிர்க் கதவில் ஒரு டெனிஷ் தம்பதி இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கோப்பிக்குக் கூப்பிட்டார்கள். கோப்பி என்றால் கேக்கும் இருக்கும் என்று இவர் களஞ்சியத்தில் கேள்விப்பட்டிருந்ததால் மத்தியானச் சாப்பாட்டை அரை வயிற்றோடு நிறுத்திக்கொண்டோம். வந்து இரண்டு வருடமாகியும் இவர் ஒரு டெனிஷ் வீட்டுக்குள் காலடி வைத்ததில்லை. அவர் கண்டதெல்லாம் களஞ்சியமும் தமிழ்ச் சனத்தின் வீடுகளும்தான்.

மேசையில் ஸ்ட்ரோபெரியும் கிறீமுமாக ஒரு கேக். வீட்டுக்காரப் பெண் தட்டை என் பக்கம் நீட்டினார். நான் தலையைக் கொஞ்சம் சரித்து, அழகாகச் சிரித்து, "நை, தக்" என்றேன். வேண்டாம், நன்றி. அப்போது எனக்குத் தெரிந்த நாலைந்து டெனிஷ் சொற்களில் அவை இரண்டு. இவரும் "நை, தக்" என்றார். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, தனக்கும் கணவருக்கும் இரண்டு பெரிய துண்டுகளை வெட்டி வைத்தார். மிச்சக் கேக்கை மூடி, கொண்டுபோய்க் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தப் பெட்டிக் கதவு சாத்துப்பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கள் பக்கத்து முறை தெரிந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் விளங்கும். ஒரு வீட்டில் பலகாரம் நீட்டினால் முதலில் வேண்டாமென்று சொல்லவேண்டும். "சும்மா எடுங்கோ" என்பார்கள். "இல்லை, இப்பத்தான் சாப்பிட்டிட்டு வாறம்" என்று சொல்லவேண்டும், பட்டினியாக வந்திருந்தாலும். "ஒரு துண்டெண்டாலும் எடுங்கோ, இல்லாட்டி நான் கோவிப்பன்" என்பார்கள். அதற்குப் பிறகு, அவர்களுடைய மனம் நோகக்கூடாதே என்பதற்காகப் போனால் போகிறது என்று எடுக்கவேண்டும். கேட்டவுடன் கையை நீட்டுகிறவர்களுக்கு, காணாததைக் கண்டதுகள் என்று பெயர். சின்ன வயதில் யார் வீட்டுக்குப் போனாலும், தட்டு வரும்போது அம்மா என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் விட்ட முறுக்குகளை அடுக்கினால் ஒரு கடை வைக்கலாம்.

எதிர்க் கதவிலிருந்து எங்கள் கதவுக்கு நாலு எட்டு. உள்ளே வந்து பூட்டியதும் இவர் சொன்னார்:

"மத்தியானமும் வடிவாச் சாப்பிடேல்லை."

"ஆர் உங்களை வேண்டாமெண்டு சொல்லச் சொன்னது?"

"நீர் சொன்னனீர். நீர் வேண்டாமெண்ட பிறகு நான் எப்பிடி ஓமெண்டுறது?"

பாணும் சம்பலும் சாப்பிட்டோம். அன்றைக்கே வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். டெனிஷ் வீடுகளில் எது நீட்டினாலும் முதல் தரமே "யா, தக்". ஓம், நன்றி. முதலில் நாக்குக் கூசியது. பிறகு பழகிவிட்டது. அடுத்த முறை எதிர்வீட்டில் மூன்று துண்டு சாப்பிட்டேன், பழைய கணக்கையும் சேர்த்து.

ஆனால் கேக்குக்குப் படித்தது வேலைக்கு உதவவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

டெனிஷ் வகுப்புக்கு ஒரு வருடம் போன பிறகு ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை கிடைத்தது. விகார் என்பார்கள் அதை. அங்கே நிரந்தரமாக இருக்கிற யாருக்காவது சுகமில்லாவிட்டால் விடிய முதல் போன் அடிக்கும், எழும்பி ஓடவேண்டும். போன் அடிக்காத நாளில் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. அடிக்கிற நாளில் இவர் போர்வைக்குள் இருந்தபடி, "ஆருக்கோ காய்ச்சல், உமக்கு அதிஷ்டம்" என்பார். வேலை எனக்குப் பிடித்திருந்தது. முதியவர்களைக் குளிக்க வார்த்து, தலை சீவி, கோப்பி கொடுத்து, அவர்கள் சொல்வது பாதி விளங்காமல் முழுவதற்கும் தலையாட்டி நாள் போகும். என்னுடைய டெனிஷைத் திருத்தியதே அவர்கள்தான்.

அந்த வருடம் இளவேனிலில் ஒரு இடி விழுந்தது. இவர் வேலை செய்த களஞ்சியத்தை வேறு ஊருக்கு மாற்றப்போகிறார்களாம். கோடையோடு இவருக்கு வேலை முடிகிறது. எனக்கு நிரந்தர வேலை ஒன்று கிடைத்தால், இவர் வேறு வேலை தேடும்வரை என் சம்பளத்தில் வீட்டை வைத்திருக்கலாம். கிடைக்காவிட்டால் கிரின்ஸ்டெட்.

கிரின்ஸ்டெட்டில் இவருடைய சித்தப்பாவும் சித்தியும் இருந்தார்கள். எங்களுக்கெல்லாம் முன்பே வந்து, அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து, சொந்த வீடு வாங்கியவர்கள். சித்தப்பா சொன்னால் இவருக்கும் அதே தொழிற்சாலையில் இடம் எடுக்கலாம். இருப்பதற்கு அவர்களுடைய வீட்டு நிலவறை. நல்ல சனம், அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சின்ன ஊரில் ஒரு பஸ் வந்தால் நின்று படம் எடுக்கவேண்டும். எங்கள் இருவருக்கும் கார் ஓடத் தெரியாது. எல்லாவற்றையும் விட, சித்தி. ஒரு முறை அங்கே இரண்டு நாள் தங்கினோம். நான் கறி வைக்க, சித்தி பின்னால் நின்று சட்டி மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். மூன்றாவது முறை தூக்கியபோது, "உப்புக் காணுமோ பிள்ளை?" என்றார். இரண்டு நாளைக்கே எனக்குக் கைகால் விறைத்துவிட்டது. ஆயுள் முழுக்க என்றால் கடவுளே.

களஞ்சியக் கதை கேள்விப்பட்ட நாளிலிருந்து சித்தி ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்தார்.

"பிள்ளை, கீழ் அறை சும்மாதான் கிடக்குது. வந்து இருங்கோவன்."

"இல்லைச் சித்தி, உங்களுக்கு என்னத்துக்குக் கரைச்சல்."

"இதென்ன கதை? நாங்கள் என்ன பிறத்தியே?"

அடுத்த ஞாயிறு அந்த அறைக்கு ஹீட்டர் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு நீலத் திரைச்சீலை. பிறகு சின்னதாய் ஒரு குக்கர், தனியாகச் சமைக்கிறதென்றால். நான் வேண்டாம் வேண்டாமென்று சொல்லச் சொல்ல அறை அங்கே வளர்ந்துகொண்டே போனது. அங்கே தங்கிய அந்த இரண்டு நாளில் கீழ் அறையைப் பார்ப்போமா என்று நான் கேட்டதற்கு, "இப்ப சாமான் கிடக்குது பிள்ளை, பிறகு காட்டுறன்" என்று சித்தி சொன்னது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்திருந்தால் எவ்வளவோ நித்திரையை மிச்சம் பிடித்திருப்பேன்.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் வேலை முடிந்து போகும்போது எங்கள் பொறுப்பாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உயரமான டெனிஷ் பெண். எதையும் சுற்றி வளைக்காமல் பேசுவார். சிரிப்பதையும் அப்படித்தான், ஒரேயடியாகச் சிரித்து முடித்துவிடுவார்.

"இங்கே ஒரு நிரந்தர இடம் வருகிறது. நான் உன்னைத்தான் நினைத்தேன். உனக்கு வேண்டுமா?"

கடல் துண்டு கண்ணுக்குள் வந்தது. வேணும் வேணும் என்று உடம்பு முழுக்கச் சொல்லிற்று. தலை மட்டும் சரிய, வாய் அழகாகச் சிரித்து, "இல்லை, இல்லை. என்னை விட நன்றாகச் செய்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே" என்றது. ஒரு வருடம் வகுப்புக்குப் போயும் தடுமாறிய என்னுடைய டெனிஷ் அன்றைக்குத்தான் ஒரு பிழையில்லாமல் வந்தது.

"அப்படியா. நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி" என்று சொல்லிவிட்டு அவர் கணினிப் பக்கம் திரும்பிவிட்டார்.

நான் நின்றேன். கைப்பையின் வாரைச் சரிசெய்தேன். பிறகு மற்றத் தோளுக்கு மாற்றினேன். அவர் நிமிர்ந்து, "வேறு ஏதாவது?" என்றார். இல்லையென்று சொல்லிவிட்டு வந்தேன்.

இவ்வளவுக்கும் எனக்கு அப்போது விஷயம் விளங்கவில்லை. இலகு ரயிலில் சிரித்துக்கொண்டுதான் வந்தேன். வீட்டில் இவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நிரந்தர வேலை தரட்டோ எண்டு கேட்டவ."

"அட. என்ன சொன்னனீர்?"

"வேண்டாமெண்டனான்."

கத்தி நின்றது.

"திருப்பிக் கேப்பாதானே" என்றேன்.

"கேக் நீட்டினவ திருப்பிக் கேட்டவவோ?"

"கேக்கும் வேலையும் ஒண்டோ? கேக் ஒரு துண்டு. இது ஒராளின்ரை சீவியம். இதையும் ஒருக்கால் கேட்டிட்டு விடுவினமோ?"

இவர் கத்தியைப் பலகையில் வைத்தார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் எனக்கு உண்மை உறைத்தது. கதிரையில் இருந்துவிட்டேன். வெங்காயம் வெட்டியது அவர், கண்ணீர் வந்தது எனக்கு.

"நாளைக்குப் போய் வேணுமெண்டு சொல்லும். முடிஞ்சுது விஷயம்" என்றார்.

"நானோ? வேண்டாமெண்டு சொன்ன வாயாலையோ? வேலைக்கு ஆலாய்ப் பறக்கிறன் எண்டு நினைக்கமாட்டாவோ?"

"பறக்கிறீர்தானே."

அன்றிரவு நான் இவரோடு கதைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடிக்காது.

அடுத்த வாரங்களில் நான் செய்த கூத்துகளைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். போன் வந்த நாளெல்லாம் நேரத்தோடு போனேன். யாரும் கேட்காமல் கோப்பி மெஷினைக் கழற்றிக் கழுவினேன். பொறுப்பாளரின் அறை வாசலில் இருந்த பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி அது அழுகிவிட்டது. ஒரு நாள் அவர் காதில் விழும்படியாக, "எனக்கு இப்போது நிறைய நேரம் இருக்கிறது" என்றேன். "நல்லது, கோடையை அனுபவி" என்றார். எங்கள் ஊரில் இவ்வளவு தூரம் யாரும் சாடைமாடையாய்ச் சொல்லியிருந்தால் கல்லுக்கும் விளங்கியிருக்கும்.

பிறகு மாவுக்குள் மீன் வைத்துப் பொரிக்கிற பற்றிஸ் செய்து கொண்டுபோனேன். கோப்பி நேரத்தில் பொறுப்பாளர் மூன்றைச் சாப்பிட்டுவிட்டு, எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்: "அந்த நிரந்தர இடத்துக்கு ஆள் தேடி அடுத்த வாரம் திங்கட்கிழமை விளம்பரம் போடுகிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்." எனக்குப் பற்றிஸ் தொண்டையில் சிக்கியது. பக்கத்திலிருந்தவள் முதுகில் தட்டினாள்.

பொறுப்பாளர் நாலாவது பற்றிஸை எடுத்தபடி, "இப்படி ஒரு முழு விருந்தே சாப்பிடலாம்" என்றார்.

"வீட்டுக்கு வாருங்கள்" என்றேன், பேச்சுக்கு.

"யா, தக். எப்போது?" என்று போனில் நாட்காட்டியைத் திறந்தார். ஒரு சொல் மறுக்கவில்லை. சும்மா உங்களுக்கு ஏன் சிரமம் என்றுகூட இல்லை. எனக்கு அதிர்ச்சியாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. இப்படி ஒருவரால் ஆசையை உடனே வாய் திறந்து சொல்ல முடிகிறதே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். விளம்பரம் போடுகிற அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, மாலை ஆறு மணி என்று முடிவாயிற்று.

"நல்லதாப் போச்சு. அண்டைக்கு வேலையைக் கேட்டிடும்" என்றார் இவர்.

"சாப்பிடக் கூப்பிட்டிட்டு வேலை கேக்கிறதோ? இடியப்பத்துக்குக் கூலி கேட்ட மாதிரி இருக்கும். செத்தாலும் கேக்கமாட்டன்."

"அப்ப கிரின்ஸ்டெட்டுக்குச் சட்டி பானையைக் கட்டுவம்."

"அவவாக் கேட்டால் ஓமெண்டு சொல்லுவன்."

"அவ என்னத்துக்குக் கேப்பா? அவவைப் பொறுத்தவரை நீர் வேண்டாமெண்டு சொன்ன ஆள்."

அவர் சொன்னது சரிதான். அந்தக் கோபத்தை இவர்மேலேயே காட்டினேன்.

சனிக்கிழமை ஆறு மணி என்றால் ஏழு மணி என்று எங்கள் உடம்புக்குத் தெரியும். ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தபோது எனக்குத் தலை ஈரம், இவர் இடுப்பில் சாரத்தோடு நின்றார். நாலு மாடி ஏறி வந்த பொறுப்பாளர் கையில் பூங்கொத்தோடு, மூச்சு வாங்கச் சிரித்தார். இவர் சாரத்தோடேயே கைகொடுத்துவிட்டு அறைக்குள் ஓடினார்.

இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, மாசிச் சம்பல், ரோல்ஸ். பொறுப்பாளர் ரசித்துச் சாப்பிட்டார். தட்டு வெறுமையானது. வெறும் தட்டை விருந்தாளிக்கு முன்னால் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. இன்னும் மூன்று இடியப்பம் வைத்து இறைச்சியை ஊற்றினேன். அதையும் ஒரு இழை விடாமல் சாப்பிட்டார். நான் மறுபடியும் வைக்கப் போனேன்.

"நை, தக்" என்றார்.

"வெட்கப்படாதீர்கள்" என்று வைத்தேன்.

சாப்பிட்டார். கொஞ்சம் மெதுவாக.

"நை, தக். உண்மையாகவே."

"இரண்டே இரண்டு" என்று மூன்று வைத்தேன்.

அவர் முகம் சிவக்கத் தொடங்கியது. நெற்றியில் வேர்வை. ஆனாலும் தட்டில் போட்டதை மிச்சம் விடவில்லை. சாப்பாட்டை மீதம் விடுவது அவருடைய வீட்டில் பெரிய மரியாதைக் குறைவு என்று பிறகுதான் சொன்னார். என்னுடைய வீட்டிலோ, வெறும் தட்டு என்றால் இன்னும் பசிக்கிறது என்று அர்த்தம். அவர் மரியாதைக்காக முடிக்க முடிக்க, நான் மரியாதைக்காக நிரப்பிக்கொண்டே இருந்தேன். இரண்டு மரியாதைக்கும் நடுவில் அந்த மனுசியின் வயிறு மாட்டிக்கொண்டது.

நான் ஐந்தாவது முறை கரண்டியைத் தூக்க, அவர் தட்டை மேசையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நான் வேண்டாம் என்று சொல்வது உங்கள் காதில் எப்படி விழுகிறது?" என்று என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்.

இவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. என்னை விட நல்ல டெனிஷில் விளக்கினார். "எங்கள் பக்கத்தில் மூன்று வேண்டாம் இருக்கிறது. முதலாவது வெட்கத்துக்கு. இரண்டாவது மரியாதைக்கு. மூன்றாவதுதான் வயிற்றுக்கு. முதல் இரண்டையும் நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை."

பொறுப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு திடீரென்று நிறுத்தினார். மடியிலிருந்த தட்டை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்படியென்றால் அன்றைக்கு என்னுடைய அறையில் நீ சொன்னது எத்தனையாவது?"

நான் சொதிச் சட்டியைப் பார்த்தேன். காதெல்லாம் சுட்டது. இவர் மேசைக்கு மேலே ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார், வெட்கம் கெட்ட மனுசன்.

"ஒன்றா?"

"ஒன்று" என்றார் இவர்.

பொறுப்பாளர் நெற்றி வேர்வையைத் துடைத்தார். பிறகு தன்னுடைய வழக்கமான குரலில் சொன்னார்: "எனக்கு உங்கள் கணக்குத் தெரியாது. என் கணக்கில் கேட்பது ஒரு தரம்தான். உனக்காக இன்றைக்கு இரண்டாம் தரம் கேட்கிறேன். மூன்றாம் தரம் கேட்கமாட்டேன், திங்கட்கிழமை விளம்பரம் போகும். அந்த வேலை உனக்கு வேண்டுமா?"

நம்பமாட்டீர்கள், அப்போதும் என் தலை பழக்கதோஷத்தில் ஒரு பக்கம் சரியத் தொடங்கியது. "வேறு ஆட்களும்..." என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அம்மாவின் அந்தப் பார்வை எங்கேயோ யாழ்ப்பாணத்திலிருந்து நேரே என்மேல் விழுந்தது. வேண்டுமென்று சொன்னால் நான் காணாததைக் கண்டவள். ஆனால் காணாததைத்தானே கண்டேன். கடல் தெரிகிற வீட்டை, காலையில் எனக்காகக் காத்திருக்கிற ஒரு வேலையை நான் இதற்கு முன் எங்கே கண்டேன்? பயத்தில் கண் கலங்கிவிட்டது. கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு, "யா, தக்" என்றேன். சொன்ன சத்தம் எதிர்வீட்டுக்கே கேட்டிருக்கும்.

"நல்லது" என்றார் பொறுப்பாளர். அவ்வளவுதான். கட்டிப்பிடிக்கவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டுமென்று சொன்னார்.

நான் எழும்பிப் போய்ப் பாயாசத்தைக் கொண்டுவந்தேன். "பாயாசம்?" என்று கேட்டேன். "நை, தக்" என்றார். இனியாவது அந்த மனுசியை நிம்மதியாக விடுவோம் என்று கிண்ணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தேன்.

"எங்கே கொண்டுபோகிறாய்?" என்று பின்னால் குரல் வந்தது. "அது முதலாவது."

அடுத்த நாள் ஞாயிறு. வழக்கமான நேரத்துக்குச் சித்தியின் போன் வந்தது. வேலை கிடைத்ததைச் சொல்லிவிடச் சொல்லி இவர் சைகை காட்டினார். சொல்லத்தான் போனேன். ஆனால் ஒரு தரம் "யா" சொல்லி ருசி கண்ட நாக்கு சும்மா இருக்கவில்லை.

"பிள்ளை, என்ன யோசிச்சனீங்கள்? அறை உங்களுக்காகத்தான் கிடக்குது. வந்து இருங்கோவன்" என்றார் சித்தி.

"ஓம் சித்தி, வாறம்" என்றேன்.

அதோடு விடவில்லை.

"வாற சனிக்கிழமையே வாறம். சித்தப்பாவை வானைக் கொண்டு வரச் சொல்லுங்கோ. கட்டில், சோபா, ரெண்டு அலுமாரி இருக்குது. ஆறுதலா, வருசக் கணக்கா இருக்கலாம்தானே?"

"ஓமோ?" என்றார் சித்தி. "ஆ... நல்லது பிள்ளை." சித்தியின் குரல் என்றைக்கும் இப்படி மெலிந்து நான் கேட்டதில்லை. "ஒண்டுதான், அந்த அறை கொஞ்சம் ஈரம். உங்களுக்குத் தடிமன் வந்திடும்."

"ஹீட்டர் இருக்குதெண்டு சொன்னனீங்கள்."

"ஹீட்டர்... அது இன்னும் வாங்கேல்லை. மற்றது பிள்ளை, ஃபிரீசர் ரெண்டும் அங்கைதான் கிடக்குது. சித்தப்பான்ரை கரம்போர்டும். பின்னேரம் அந்த மனுசன் கீழை போய் இருந்து படம் பாக்கிறதுதான் அவருக்கு ஒரு நிம்மதி." பின்னால் சித்தப்பாவின் குரல், என்னவாம் என்று கேட்டது. சித்தி போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னதும் எனக்கு நன்றாகக் கேட்டது. "வரப்போகினமாம்." செத்த வீடு சொல்கிற குரல்.

நான் குசினி யன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீலத் திரைச்சீலை, சின்னக் குக்கர், நான் இத்தனை ஞாயிறாய்ப் பயந்து செத்த அந்த அறை. அங்கே அறையென்று ஒன்று எங்களுக்காக இருந்ததே இல்லை. நான் மரியாதைக்கு மறுக்க மறுக்க, சித்தி மரியாதைக்கு ஹீட்டர் பூட்டிக்கொண்டே போயிருக்கிறார். பாவம், ஒவ்வொரு ஞாயிறும் நான் வேண்டாமென்று சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் அவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள். சித்திமேல் எனக்கு அந்த நிமிடம் வந்த பாசம் அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை.

"பகிடிக்குச் சொன்னனான் சித்தி. எனக்கு இஞ்சை வேலை நிரந்தரமாகிட்டுது. நாங்கள் ஓகூஸிலைதான் இருக்கப்போறம்."

"அப்பாடா" என்றார் சித்தி. பிறகு அவசரமாகக் குரலை மாற்றி, மனம் நொந்தவர் போலக் கேட்டார்: "அப்ப எங்களிட்டை வரமாட்டியளோ பிள்ளை?"

"இல்லைச் சித்தி" என்றேன்.

"சரி பிள்ளை" என்றார் சித்தி, முதல் தரமே.